புகாருக்கு ஒரு நாற்காலி

விளம்பரம் ஒரு கோப்பு; புகார் வேறொரு கோப்பு. இரண்டும் ஒரே மேசையில் இருக்கலாம், ஒரே கட்டுக்குள் இருக்கக் கூடாது. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற விற்பனை நிறுவனத்தில் இது எழுதிவைக்கப்பட்ட விதி. புகார் வந்தால் அதற்கு எண் போட வேண்டும். தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கருத்து வரும்வரை ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு பதில். வந்த பிறகு, பொருளில் குறை ஏதும் இல்லை என்று இன்னொரு பதில். இதெல்லாம் முடியும்வரை புகார் என்று ஒன்று வந்ததே வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது. விளம்பரத்தின் உச்சியிலேயே புகாரை ஒட்டிவைக்கக் கூடாது என்று மட்டும் விதியில் இல்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று விதி எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

என் கொழுந்தியாள் செய்தாள்.

அவள் என் மனைவியின் தங்கை. பி.காம். படித்தவள், வாய் கொஞ்சம் வேகம். கருமத்தம்பட்டியில், நாலு பக்கமும் தறி ஓடும் தெருவில், வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு அவளும் என் சகலையும் கிரைண்டர் செய்கிறார்கள். கல்லையும் மோட்டாரையும் வெளியில் வாங்கிவந்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்து, தங்கள் பெயரை ஒட்டி அனுப்புவது சகலையின் வேலை. விற்பது அவள் வேலை.

பாத்திரக்கடைகள்தான் அவர்களுடைய சந்தை. டிவியில் நடிகை ஒருத்தி பட்டுச்சேலையோடு மாவை விரலில் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும் கிரைண்டர் வந்த பிறகு, கடைக்காரர்கள் இவர்கள் மிஷினை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குத் தள்ளினார்கள். பின்வரிசையிலிருந்து மாடிப்படிக்கு அடியில். போன வருடம் ஒரு பெரிய கம்பெனி சகலையைக் கூப்பிட்டது. பொருத்தும் பிரிவுக்கு மேஸ்திரி வேலை. கார்த்திகை முதல் தேதி வந்து சேர்ந்துகொள்ளலாம். தீபாவளிக்கு வியாபாரம் இல்லையென்றால் கொட்டகையை மூடிவிட்டுப் போகிறேன் என்று சகலை சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் முடிவாகத்தான் இருக்கும்.

“இத்தனை வருசம் நம்ம பேரை ஒட்டி அனுப்பிப்போட்டு, இனி இன்னொருத்தர் பேரை ஒட்டறதுக்குப் போறீங்களாக்கும்?” என்று கொழுந்தியாள் கேட்டாள்.

“பேரை ஒட்டறது பெருசில்லை. ஒட்டுன மிஷினை யாரு வாங்கறது?” என்றார் சகலை.

இந்தக் கட்டத்தில் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். விளம்பரப் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு மதிப்பு உண்டு, குடும்பத்துக்குள் மட்டும். பீளமேட்டிலிருந்து பஸ் ஏறிப் போய், காபி குடித்துவிட்டு, முறைப்படி எப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கினேன். முதலில் மூன்று விளம்பர நிறுவனங்களிடம் விலைப்புள்ளி. அப்புறம் வாசகம், படம். பத்திரிகையில் கால் பக்கம் கட்டுப்படியாகாது. இரண்டு பத்தி அகலம் போதும். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்த்துத் திருத்தி ஒப்புதல். எங்கள் அலுவலகத்தில் அந்த ஒப்புதலுக்கு ஐந்து கையெழுத்து தேவைப்படும். ஒருமுறை பொங்கல் தள்ளுபடி விளம்பரம் ஐந்தாவது கையெழுத்து வாங்கி வெளிவந்தபோது பொங்கல் முடிந்து, தள்ளுபடியும் முடிந்திருந்தது. விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களிடம் அடுத்த பொங்கலுக்கு வரச் சொன்னோம். சிலர் வந்தார்கள். அதுதான் எங்கள் வெற்றி.

இதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

“மாமா, நீங்க சொல்றது வந்து சேர்றதுக்குள்ள இவர் கம்பெனியில சேர்ந்து ஒரு மாசச் சம்பளம் வாங்கியிருப்பாருங்க. நான் லைவ் போடப்போறேன்.”

“அதுக்கு யார் ஒப்புதல் கொடுப்பாங்க அம்மணி?”

“ஏனுங்க, ஒப்புதல் கொடுக்கறீங்களா?” என்று கொட்டகைப் பக்கம் திரும்பிக் கேட்டாள். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. “கொடுத்துட்டாருங்க.”

அவளுடைய முதல் நேரலையை என் மனைவி சமையலறையில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துப் பார்த்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வணிக நோக்கில் அது ஒரு பேரழிவு. திரையில் ஒவ்வொருவராக உள்ளே வரவர, இவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றாள். “வாங்க, வாங்க, ஈரோட்டுலிருந்துங்களா? மஞ்சள் மண்டிப் பக்கமா? சாப்டாச்சுங்களா?” புதிதாக ஒருவர் வந்தால் மறுபடி “வாங்க.” போகிறவர்களுக்கு “போயிட்டு வாங்க.” இதற்கிடையில் உளுந்து அரைந்துகொண்டிருந்தது. பின்னால் சகலையின் கை மட்டும் தெரிந்தது; முகத்தைக் காட்ட மறுத்துவிட்டார். அரை மணி நேரம் முடிந்து நன்றி சொல்லி நிறுத்திவிட்டாள். விலையைச் சொல்லவில்லை. எங்கே கிடைக்கும் என்றும் சொல்லவில்லை.

என் மனைவி போன் செய்து கேட்டாள். “விலையைச் சொன்னியாடி?”

“ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட வந்ததும் வராததுமா விலையா பேசுவாங்க? போக்கா.”

ஆனால் ஒன்று கவனித்தேன். வெட்டாமல், ஒட்டாமல், ஊறிய உளுந்தைப் போட்டதிலிருந்து மாவு பொங்கியதுவரை முழுதாகக் காட்டியிருந்தாள். நடுவில் வெட்டினால் வேறு மாவை வைத்து ஏமாற்றியதாக நினைத்துக்கொள்வார்களாம். எங்கள் நிறுவனத்தின் சினிமா தியேட்டர் ஸ்லைடு பத்து வினாடி. அந்தப் பத்து வினாடிக்குள் ஜனங்கள் முறுக்கு வாங்க எழுந்து போய்விடுவார்கள். இவளுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுதினாள்: ‘அக்கா, டிரம்மைக் கவுத்து அடிப்பக்கம் காட்டுங்க.’ சகலையின் கை வந்து கவிழ்த்துக் காட்டியது. ‘பெல்ட் எங்க கிடைக்கும்?’ கை பெல்ட்டைக் கழற்றிக் காட்டியது. நாங்கள் வெளியிட்ட எந்த விளம்பரத்திலும் பொருளின் பின்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. விளம்பரம் எழுதிய நானே பார்த்ததில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்குப் பத்திரிகைக்காரர் சொன்ன எண்ணிக்கைதான் சான்று. அதைப் பார்த்து யாராவது வாங்கினார்களா என்பதற்கு எங்களிடம் ஒரு சான்றும் கிடையாது. மேலாளரின் மனைவி பார்த்தார் என்றால் விளம்பரம் நன்றாக வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வோம்.

அடுத்தடுத்த நேரலைகளில் விலையும் சொல்லப் பழகினாள், ஏதோ தப்புச் செய்கிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தி. சகலையின் கைக்கென்று தனியாக ரசிகர்கள் சேர்ந்தார்கள். ‘அண்ணன் முகத்த ஒருதரம் காட்டுங்க’ என்று ஒருவர் கேட்டதற்கு, “காட்டுனா வியாபாரம் படுத்துப்போகுமுங்க” என்றாள். பின்னால் சுத்தியல் ஒருமுறை பலமாக விழுந்தது. ஹோட்டல் ஹோட்டலாகப் போய்ச் சாப்பிட்டு வீடியோ போடும் இளைஞர் ஒருவர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். இரண்டு கிரைண்டர் இலவசமாகக் கொடுத்தால் ‘வேற லெவல்’ என்று சொல்வாராம். ஒன்று வீடியோவுக்கு, ஒன்று வீட்டுக்கு. அவருக்கு மோர் கொடுத்து உபசரித்தாள்.

“ஒரு ஊட்டுக்கு ரெண்டு கிரைண்டர் எதுக்குங்க சாமி? கரண்டு பில்லு யாரு கட்டறது? அந்த வேற லெவலை நாங்களே கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கறோமுங்க.”

புரட்டாசியில் ஆர்டர்கள் வரத் தொடங்கின. சகலை காலை ஐந்து மணிக்கே கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார். கம்பெனிப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் வெள்ளகோவிலிலிருந்து அது வந்தது.

பெயருக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ படம், பக்கத்தில் ஊர்ப் பெயர் மட்டும். நேரலை நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியிருந்தாள். இவளும் வழக்கப்படி அதை உரக்க வாசித்துவிட்டாள்: ‘அக்கா உங்க மிஷின் நல்லால்ல. புது ஊட்டுக்கு எங்கண்ணன் வாங்கி வந்த சீரு. முதல் நாள் இட்லி சுட்டு எங்க அத்தைக்கு வெச்சேன். நறநறன்னு கல்லு. சொந்தக்காரங்க முன்னாடி அத்தை வாயிலிருந்து துப்பிட்டாங்க. எங்கண்ணன் சீரையே கல்லுன்னு சொல்லிட்டாங்க.’

இவள் முகம் சுருங்கியது. பிறகு, “வாங்க கண்ணு, உக்காருங்க” என்றாள். விரல் திரையைத் தொட்டது. அந்தப் புகார் எல்லாருடைய பேச்சுக்கும் மேலே போய், கீழே இறங்காமல், அங்கேயே நின்றுகொண்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கருமத்தம்பட்டி போனேன். பையில் ஒரு வரைவுப் பதில் இருந்தது.

“அதை எதுக்கு அம்மணி மேலே ஏத்தி வெச்சே? யார் வீடியோவைத் திறந்தாலும் முதல்ல அதுதான் தெரியுது.”

“மனசு வெந்து வந்திருக்குதுங்க மாமா, அந்தப் புள்ள. கூட்டத்துல எங்கியோ கடைசியில நின்னா ஆகுமுங்களா? முன்னால கூப்பிட்டு நாற்காலி போட்டேன்.”

“அது நாற்காலி இல்லை. அறிவிப்புப் பலகை. பழைய வீடியோவைப் பார்க்கறவங்களும் இனி அதைத்தான் படிப்பாங்க.”

“சரி, தெரியாமப் போட்டுட்டேன். அதுக்காக உக்கார வெச்சவங்களை எந்திரிங்கன்னு சொல்லட்டுங்களா?”

அழித்துவிடலாம் என்றேன். அதற்கு வசதி இருக்கிறதாம்; ஒரு தட்டு தட்டினால் போதுமாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு புகாரை இல்லாமல் ஆக்க எத்தனை பேர் எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்பது தெரிந்தவனுக்கு, அந்த வசதியின் அருமை புரியும். அவள் மறுத்துவிட்டாள். வரைவை வாசித்துக் காட்டினேன்: ‘பார்வையில் கண்ட தங்கள் பதிவு பெறப்பட்டது. எமது தயாரிப்புகள் உரிய சோதனைக்குப் பின்னரே அனுப்பப்படுகின்றன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

“இதைப் படிச்சா அந்த அத்தை இன்னொருக்காத் துப்புவாங்க மாமா.”

சகலை கொட்டகையிலிருந்து வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி. அன்று விடியற்காலையிலேயே, அனுப்பத் தயாராக இருந்த மிஷின் ஒன்றில் அரிசி போட்டு அரைத்து, மாவைத் துணியில் வடிகட்டியிருக்கிறார். துணியைத் தடவிக் காட்டினார். விரலில் கருப்பாக நெருடியது.

“புதுக் கல்லுங்கண்ணா. எந்தக் கல்லும் முதல்ல இப்படித்தான் உதிரும். கல்லைப் பழக்கோணும். ரெண்டு மூணு தடவை அரிசி போட்டு ஓட்டிக் கீழ ஊத்திப்போட்டு, அப்பறந்தான் இட்லிக்குப் போடோணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“அந்தப் பொண்ணுக்கு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

கொழுந்தியாள் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் புரட்டினாள். மிஷினோடு போகும் தாள் அது. அதில் உத்தரவாதம் பற்றி இருக்கும், மின்சாரம் பற்றி இருக்கும். கல்லைப் பழக்குவது பற்றி இருக்காது. அதைச் சொன்னது இத்தனை நாளும் பாத்திரக்கடைக்காரர். வண்டியில் மிஷினை ஏற்றிவிடும்போது, “முதல் மாவைக் கீழ ஊத்திருங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். வீடியோ அந்தக் கடைக்காரரைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போய்விட்டது. அவருடைய அந்த ஒரு வார்த்தையும் கடையிலேயே தங்கிவிட்டது. நேரலைகளில் இவள் அரைத்ததெல்லாம் அவர்கள் வீட்டிலேயே வருடக்கணக்காக ஓடும் மிஷின். அதற்குப் பழக்கம் தேவையில்லை. யாருக்கும் ஞாபகமும் வரவில்லை.

“அப்ப கல்லு நல்ல கல்லுதானுங்களே?” என்றாள்.

“அப்படித்தான் நினைக்கறேன். ஆனா எல்லாம் ஒரே லோடுல வந்த கல்லு. பழக்கின பின்னாடியும் உதிர்ந்தா கல்லே சரியில்லைன்னு அர்த்தம்.” துணியை மடித்தார். “அந்தப் புள்ள சரியாச்சுன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கிருந்து ஒரு மிஷினும் போகாது.”

“நீங்களே ஓட்டிப் பாத்தா ஆகாதுங்களா?”

“நான் பாத்து, நல்லாருக்குதுன்னு நானே சொன்னா, அதுவும் விளம்பரந்தானே?”

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்டர் போட்டவர்களுக்கு அவள் ஒவ்வொருவராகப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். சிலர் பொறுத்துக்கொண்டார்கள், சிலர் நடிகை தொட்ட மாவுக்குப் போய்விட்டார்கள். வெள்ளகோவில் பெண்ணின் போன் எண் இல்லை. வெள்ளகோவில் தங்கச்சிக்குச் சீர் என்று சொல்லி, அண்ணன் கொட்டகைக்கே நேரில் வந்து வாங்கிப் போனவர். ஈரோட்டுக்காரர் என்பதற்கு மேல் எதுவும் ஞாபகம் இல்லை. வெள்ளகோவிலுக்கே போய்த் தேடிப் பிடிக்கலாம் என்றேன். கள ஆய்வு என்பது முறையான நடவடிக்கைதான்.

“நாம போயி நின்னா, ‘உன்னாலே கம்பெனிக்காரங்க வாசலுக்கு வந்துட்டாங்க’ன்னு அந்த அத்தை அதுக்கும் ஒரு பாட்டுப் படிக்குமுங்க. வேண்டாம் மாமா. வந்த எடத்துலயே பதில் சொல்லிருவோம்.”

அன்று மாலை அவள் போட்ட வீடியோதான், நான் பார்த்த விளம்பரங்களிலேயே சிறந்தது என்று இன்றும் சொல்வேன். பட்டுச்சேலை இல்லை, இசை இல்லை. பெட்டியிலிருந்து ஒரு புது மிஷினை எடுத்தாள். அரிசி போட்டாள், ஓட்டினாள், வெள்ளைத் துணியில் ஊற்றினாள், கருப்பு நெருடலைக் காமிராவுக்கு அருகில் கொண்டுவந்து காட்டினாள். “இதுதானுங்க உங்க அத்தை வாயில பட்டது” என்றாள். ஊற்றினாள், கழுவினாள், மறுபடி ஓட்டினாள். மூன்றாவது முறை துணி வெள்ளையாக இருந்தது. “எங்க மிஷின்ல இப்படி வந்துச்சு. உங்களுக்கும் இப்படியே சரியாகோணும். இதை முன்னாடியே சொல்லாம உட்டது எங்க தப்பு, உங்கண்ணன் சீரு மேல தப்பில்லை. நீங்களும் மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க கண்ணு. நாங்க காத்திருக்கறோம்.” கடைசியில் முதன்முறையாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது. சகலை இரண்டு கையையும் கூப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பொருளின் குறையை விரலில் எடுத்துக் காட்டும் விளம்பரத்துக்கு ஐந்து கையெழுத்தில் முதல் கையெழுத்தே கிடைக்காது. நானே போட்டிருக்க மாட்டேன். ஆனால் அதன் கீழே நடந்ததைப் பார்க்க வேண்டும். யார் யாரோ எழுதினார்கள். ‘எங்க ஊட்லயும் இப்படித்தான், ரெண்டு தடவைல சரியாச்சு.’ ‘பெரிய கம்பெனி மிஷின்லயும் வருமுங்க, அவங்க சொல்லமாட்டாங்க.’ ‘முதல் மாவைச் செடிக்கு ஊத்திராதீங்க, எறும்பு வந்துரும்.’ ஒருவர் திட்டினார். அவருக்கும் “வாங்க” சொன்னாள். நாட்கள் போகப்போக எல்லாருடைய கேள்வியும் ஒன்றாகிவிட்டது: ‘வெள்ளகோவில் அக்கா என்ன சொன்னாங்க?’ முகம் தெரியாத அத்தனை பேரும் அந்த ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி காய் நறுக்கும்போதும் ஒரு கண்ணைக் கைபேசியில் வைத்திருந்தாள்.

நாற்காலியிலிருந்து பதில் இல்லை.

தீபாவளியும் வந்து போனது. கொட்டகையில் கட்டிய பெட்டிகள் சுவரோரமாக அப்படியே நின்றன. சகலை கம்பெனிக்குப் போன் செய்து, கார்த்திகை முதல் தேதி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். அன்று கொழுந்தியாள் நேரலை போடவில்லை. மனைவி அவளோடு வெகுநேரம் பேசினாள். பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இதன் பிறகு ஒரு காலை, நான் கருமத்தம்பட்டியில் இருந்தேன். சும்மா பார்த்துவரப் போனதாகச் சொல்லிக்கொண்டேன். சகலை தன் கருவிகளைத் துடைத்து ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு கைபேசியை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கல் புகைய ஆரம்பித்தது.

“என்னம்மணி?”

கைபேசியை என்னிடம் நீட்டினாள். ரோஜாப்பூ.

‘அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. மிஷினைக் கட்டி மாடியில போட்டுட்டாங்க, இறக்க ஆளில்ல. தீவாளிக்கு எங்கண்ணன் வந்துதான் இறக்கிக் குடுத்தான். நீங்க சொன்ன மாதிரி மூணு தடவை ஓட்டிக் கீழ ஊத்துனேன். இன்னைக்கு இட்லி சுட்டேன். எங்க அத்தை சாப்ட்டாங்க. மறுக்கா ரெண்டு கேட்டாங்க. ஒண்ணுமே சொல்லலைங்க.’

சகலையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார்.

“ஒண்ணுமே சொல்லலையாமா?”

“அப்படித்தான் எழுதியிருக்குது.”

“அந்த அத்தைக்கு அது பெரிய வார்த்தை” என்றார். பெட்டியைத் திறந்து ஸ்பானரை வெளியே எடுத்தார். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து, மன்னிக்கச் சொல்லி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். கொழுந்தியாள் முகத்தைக் கழுவிவிட்டு வந்து கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்தாள். நேரலை தொடங்கியது. “வாங்க, வாங்க. எல்லாரும் வந்தாச்சுங்களா? சாப்டாச்சுங்களா?” முதல் நாள் மாதிரியே அன்றும் விலையைச் சொல்லவில்லை.

புகார் இன்னும் அங்கேயே, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அதன் கீழே பதிலும் இருக்கிறது. விளம்பரமும் புகாரும் பதிலும் ஒரே கட்டுக்குள். முறைப்படி இந்தக் கோப்பை முடித்து வைக்க ஒரு குறிப்பு எழுத வேண்டும். வேறு யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். பதில் பெறப்பட்ட நாள்: ஐப்பசி இருபத்தாறு, புதன்கிழமை.